68 மாடல் அம்பாசிடருக்கு முழு பெயிண்ட்: 60 ஆயிரமா, இரண்டரை லட்சமா?

புளியரைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1968 அம்பாசிடர் மார்க் 2 இருக்கிறது. கே.எல்.கியூ என்று தொடங்கும் பழைய கேரள நம்பர். பெரியப்பா புனலூரில் கடை வைத்திருந்தபோது எடுத்த வண்டி. அவர் காலத்துக்குப் பிறகு அண்ணன் பெயரில் இருக்கிறது. இப்போது செங்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது.

எஞ்சின் நல்லா ஓடுது. பிரேக், கிங்பின், சஸ்பென்ஷன் வேலையெல்லாம் முடிந்துவிட்டது. பெயிண்ட்தான் பாக்கி. இப்போது வெள்ளை நிறம். எத்தனை முறை மேலுக்கு மேல் அடித்தார்களோ தெரியாது. பானட்டில் சிலந்தி வலை மாதிரி விரிசல். டிக்கி மூடியில் கொப்புளம். இடது பின் கதவின் அடியில் கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே அமுங்குகிறது.

விலை விசாரித்ததில் கிடைத்தவை இவை:

தென்காசியில் ஒரு பட்டறை 60,000 கேட்கிறது. கண்ணாடி கழற்ற மாட்டார்கள். மேலே தேய்த்து, பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பார்த்து, பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்ட்.

புனலூரில் 1,35,000. கண்ணாடி, பீடிங் (ஓர ரப்பர்), பம்பர், விளக்கு எல்லாம் கழற்றி, துரு பிடித்த தகரத்தை வெட்டிப் புதுசு வைத்து அடிப்பார்கள்.

கோவையில் 2,60,000. பழைய பெயிண்டை முழுக்க உரித்து, துருவைத் தடுக்கும் எபாக்ஸி ப்ரைமர் போட்டு, பூத்துக்குள் (புழுதி புகாத மூடிய அறை) வைத்து அடிப்பது.

மூன்று பேரும் சொல்வது ஒரே கம்பெனி பெயிண்ட். அப்புறம் எப்படி நாலு மடங்கு வித்தியாசம் வருது? எதற்குக் காசு கொடுப்பது நியாயம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய டூகோ

தம்பி, நான் இந்தத் தொழிலில் இருந்தவன். தென்காசியிலும் பிறகு கொல்லத்திலும் டிங்கரிங் (தகர வேலை), பெயிண்டிங் இரண்டும் செய்திருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்வியிலேயே விஷயம் இருக்கிறது. பெயிண்ட் விலை மூன்று பட்டறையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அம்பாசிடர் பெரிய வண்டி. கதவு உள்பக்கம், டிக்கி உள்பக்கம் எல்லாம் சேர்த்தாலும் நிறம் நாலஞ்சு லிட்டருக்குள் முடிந்துவிடும். வித்தியாசம் முழுக்க ஆள் கூலியில்தான். ஒரு வண்டியின் பெயிண்டை வெறும் தகரம் வரைக்கும் உரிக்க இரண்டு பேர் நாள்கணக்கில் உட்கார வேண்டும். 60,000 சொன்னவர் அந்த வேலையைச் செய்யப் போவதில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. "மேலே தேய்த்து" என்றுதானே சொன்னார்.

பெயிண்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் தகரத்தைப் பாருங்கள். அம்பாசிடரில் துரு எங்கே ஒளிந்திருக்கும் என்பது எல்லா டிங்கருக்கும் தெரியும். முன் மட்கார்டில் ஹெட்லைட்டுக்குப் பின்னால் சேறு தங்கும் இடம். ரன்னிங் போர்டு, அதாவது கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி மாதிரியான பாகம். டிக்கித் தரை, ஸ்டெப்னி வைக்கும் குழி. நாலு கதவின் அடி விளிம்பு. கதவின் அடியில் தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும். பழைய பெயிண்டர்கள் அதையும் சேர்த்துப் பட்டி போட்டு அடைத்திருப்பார்கள். மழைத் தண்ணீர் கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கி உள்ளேயே நின்று தின்றுவிடும். உங்கள் இடது பின் கதவு அமுங்குவது பெரும்பாலும் அப்படித்தான்.

இன்னொன்று. அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் சேஸிஸ். ரன்னிங் போர்டு போயிருந்தால் அது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. வண்டியை நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பாருங்கள். கதவு இடைவெளி மாறினாலோ, கதவு திறந்து மூட இடித்தாலோ பெயிண்ட் கணக்கை மூடி வைத்துவிட்டு முதலில் வெல்டிங் கணக்கைப் போடுங்கள்.

அம்பாசிடர் பிரியன்

நான் வேறு மாதிரி சொல்கிறேன். வண்டியைக் கண்காட்சிக்கா கொண்டுபோகப் போகிறீர்கள்? குற்றாலத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் ஓட்டப் போகிறீர்கள். 60,000 கொடுத்தால் நாலு வருஷம் பளபளன்னு இருக்கும். பிறகு மறுபடி அடித்துக்கொள்ளலாம். இரண்டரை லட்சம் போட்டால் விற்கும்போது அந்தக் காசு திரும்ப வராது. வெயிலில் நிறுத்தவே பயமாக இருக்கும். என் வண்டி அப்படித்தான் ஓடுது, எனக்குக் குறை இல்லை.

மார்த்தாண்டம் மகள்

பிரியன் சார், தகரம் நல்லா இருந்தால் நீங்கள் சொல்வது சரி. தகரம் போயிருந்தால் நாலு வருஷம் தாங்காது.

அப்பாவின் பிரீமியர் பத்மினிக்கு எல்லை தாண்டி ஒரு பட்டறையில் மேலோட்டமாகத்தான் அடித்தோம். பெயர் வேண்டாம், கேட்ட காசுக்கு உரிய வேலையைச் செய்து கொடுத்தார்கள். டெலிவரி எடுத்த அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் முன் கண்ணாடி ரப்பரைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் கோடு விழுந்தது. பிறகு டிரைவர் பக்கக் கதவின் கீழே பட்டாணி அளவுக்குக் கொப்புளம். அதை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தினேன். பட்டி ஒரு சில்லாகப் பெயர்ந்து வந்தது. என் சுண்டு விரல் நகத்தின் அகலம் இருக்கும் அதன் கனம். பின்பக்கம் ஈரமாக, துருப் பொடி ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே தகரமே இல்லை. ஓட்டைக்குப் பின்னால் பழைய செய்தித்தாளைத் திணித்து அதன்மேல் பட்டி போட்டிருந்தார்கள். அதை எந்தக் காலத்தில் யார் செய்தார்களோ. எங்களுக்கு அடித்தவர் அதைத் திறந்து பார்க்கவில்லை.

அப்புறம் எல்லாவற்றையும் உரித்துத்தான் அடித்தோம். இரண்டு முறை கொடுத்ததைக் கூட்டினால் முதலிலேயே ஒழுங்காகச் செய்வதற்கு ஆகும் செலவைத் தாண்டிவிட்டது. கண்ணாடி கழற்ற மாட்டேன் என்று சொல்லும் பட்டறைக்கு எங்கள் ஈரத்தில் வண்டியைக் கொடுக்காதீர்கள். ரப்பருக்கு அடியில்தான் துரு தொடங்குகிறது. புது பெயிண்டும் அந்த ரப்பர் ஓரத்தில்தான் முதலில் விட்டுப்போகும்.

புளியரைக்காரன்

நன்றி அக்கா. கதவுக்குள் என்ன இருக்கிறதோ என்று இப்போதே பயமாக இருக்கிறது.

டூகோ அண்ணாச்சி, ஒரு சந்தேகம். பழைய வண்டிக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்தான் பொருத்தம், பி.யூ. அடித்தால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

பழைய டூகோ

முதலில் இப்போது வண்டியில் இருப்பது எது என்று பாருங்கள். வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்து, கண்ணில் படாத இடத்தில் அரை நிமிடம் தேயுங்கள். நிறம் துணியில் கரைந்து வந்தால் என்.சி. நாம் டூகோ என்று சொல்வது அதுதான். அது காய்வதே தின்னர் ஆவியாகிப் போவதால். அதனால் திரும்பத் தின்னர் பட்டால் கரையும். ஹார்டனர் (பெயிண்டை இறுக வைக்கும் திரவம்) கலந்து அடித்த பி.யூ. அப்படிக் கரையாது.

என்.சி.யின் மேல் நேராக பி.யூ. அடித்தால் சில இடங்களில் தின்னர் கீழே இறங்கிப் பழைய பெயிண்டைத் தூக்கிவிடும். பால் ஆடை மாதிரி சுருங்கும். உங்கள் பானட்டில் உள்ள விரிசல், அடுக்கடுக்காக என்.சி. அடித்துக் கனம் ஏறியதால் வந்தது மாதிரிதான் தெரிகிறது. விரிசல் விட்ட அடுக்கின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் அதே விரிசல் திரும்ப மேலே வரும். பானட்டையாவது கட்டாயம் தகரம் வரை உரிக்க வேண்டும்.

என்.சி. அழகு என்பதை நான் மறுக்கமாட்டேன். அதன் மினுக்கம் மென்மையாக இருக்கும், கீறல் பட்ட இடத்தை மட்டும் தொட்டு அடிக்கலாம், கையால் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றலாம். ஆனால் பெட்ரோல் சிந்தினால் கறை, வெயிலில் மங்கும், வருஷா வருஷம் பாலிஷ் கேட்கும். கொட்டகையில் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் வண்டி என்றால் என்.சி. அடிக்கலாம். மழையில் ஓடும் என்றால் பி.யூ.

பி.யூ.விலும் இரண்டு வகை உண்டு. நிறம் தனி, அதன் மேல் கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) தனி என்பது இன்றைய கார்களின் முறை. அம்பாசிடர் மாதிரி உருண்ட உடம்பில் அந்தக் கிளியர் கோட்தான் பிளாஸ்டிக் தோற்றம் கொடுக்கிறது. கிளியர் இல்லாமல், ஒரே பெயிண்டில் நிறமும் மினுக்கமும் வரும் சாலிட் பி.யூ. கேளுங்கள். 2000 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டுப் பஃப்பிங் செய்தால் பழைய வண்டியின் முகம் கெடாது. கிளியர் செலவும் மிச்சம். மெட்டாலிக் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

அப்புறம் பருவம். நம்ம ஊரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். அந்த ஈரக் காற்றில் என்.சி. அடித்தால் பெயிண்ட் வெளிறிப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். தின்னர் சட்டென்று ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் இறங்குகிறது. காய்வதை மெதுவாக்கும் ரிட்டார்டர் தின்னர் கலந்து ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் சாரலில் வேலையே வைக்காமல் இருப்பது மேல். அக்டோபர் முதல் டிசம்பர் நடு வரை வடகிழக்கு மழை. ஜனவரி, பிப்ரவரிதான் நமக்கு நல்ல மாதம்.

புனலூர் தமிழன்

அண்ணாச்சி சொன்ன பருவத்தோடு எங்கள் ஊர்ச் செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புனலூரில் பிப்ரவரி, மார்ச்சில் வெயில் கேரளத்திலேயே முன்னணியில் நிற்கும். நடுப் பகலில் அடித்தால் பெயிண்ட் தகரத்தைத் தொடுவதற்கு முன்பே காய்ந்து சொரசொரப்பாக உட்காரும். பூத் இல்லாத பட்டறையில் ஆசான்மார் (மூத்த கைவேலைக்காரர்கள்) காலை ஏழு மணிக்கே தரையில் தண்ணீர் தெளித்து, புழுதி அடங்கிய பிறகு அடிப்பார்கள். மெதுவாகக் காயும் தின்னர் போடுவார்கள். பூத் இல்லை என்பதாலேயே ஒரு பட்டறையைத் தள்ளிவிடாதீர்கள். புழுதி விழுந்தால் தேய்த்து எடுத்துவிடலாம். அடியில் துருவை விட்டு அடித்ததை எடுக்க முடியாது.

இங்கே சில ஆசான்மாருக்குத் தகர வேலை கை வந்த கலை. தட்டி, நீட்டி, சுருக்கி, பட்டி அதிகம் இல்லாமலே வளைவைக் கொண்டுவருவார்கள். ஆனால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஓணம் வந்தால் பட்டறை பூட்டு. தேதி சொன்னால் அதன்மேல் ஒரு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள். செங்கோட்டையிலிருந்து இங்கே சுமார் 50 கிலோமீட்டர். வாரம் ஒருமுறை வந்து பார்க்க முடியும் என்பதே பெரிய வசதி. கோவைக்கு அப்படிப் போய் வர முடியாது.

1,35,000இல் எது அடங்கும் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ரப்பர் பீடிங், குரோமியம், வயரிங் கிளிப் எல்லாம் தனிக் காசுதான். பம்பர், கிரில், ஹெட்லைட் ரிம் இவற்றுக்குச் செம்பு, நிக்கல், குரோமியம் மூன்றும் ஏற்றிய பிளேட்டிங் கேட்டால் அது வேறு ஒரு பட்டறையின் கணக்கு. புது பெயிண்டுக்குப் பக்கத்தில் மங்கிய பம்பர் நின்றால் கண் அங்கேதான் போகும். அதற்கும் காசு ஒதுக்கி வையுங்கள்.

ஆவணம் அவசியம்

பெயிண்ட் பேச்சுக்கு நடுவே ஆர்.சி. புத்தகத்தையும் பாருங்கள். நிறம் மாற்றினால் அதை ஆர்.சி.யில் பதிய வேண்டும், இன்சூரன்ஸுக்கும் சொல்ல வேண்டும். எஃப்சி (தகுதிச் சான்று) காட்டும்போது நிறம் ஒத்துப்போகவில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள்.

கேரள நம்பர் வண்டி தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் நிரந்தரமாக இருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். எல்லையில் இருப்பவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

வண்டி 50 வருஷம் தாண்டியதால் 2021இல் வந்த விண்டேஜ் (மிகப் பழைய வண்டி) விதியும் பொருந்தும். கட்டணம் 20,000, பத்து வருஷத்துக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம், கே.எல்.கியூ போகாது. ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. தினசரி ஓட்டவும் கூடாது, கண்காட்சி, பேரணி, பராமரிப்பு மாதிரி காரியங்களுக்கு மட்டும்தான். குடும்பத்தோடு ஊர் சுற்ற வேண்டும் என்றால் சாதாரணப் பதிவையே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வது நல்லது.

கோவை ஹெரால்ட்

என்னிடம் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருக்கிறது. மெட்ராஸில் செய்த வண்டி, பானட் முழுசாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். அதன் கூரையிலும் டிக்கியிலும் இன்னும் கம்பெனி பெயிண்ட்தான். மங்கியிருக்கிறது, ஆனால் விடவில்லை. அதை நான் தொடவே இல்லை. மட்கார்டுகளை மட்டும் அடித்து, பழைய நிறத்தோடு ஒத்துப்போகச் செய்தேன்.

பழைய வண்டி என்றாலே முழுக்க உரி என்று சொல்லும் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வண்டிக்குக் கம்பெனி பெயிண்ட் ஒரே ஒரு தடவைதான். உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிவா ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும் இருப்பதைக் காப்பாற்றுவதற்குத்தான் முதலிடம் தருகிறது.

உரிப்பதற்கு முன்னால் உங்கள் வண்டியின் முதல் நிறம் என்ன என்று தேடுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில், பின் சீட் சாய்மானத்துக்குப் பின்னால், கதவு ரப்பரைக் கழற்றினால் அதற்கு அடியில் பாருங்கள். வெயில் படாத இடத்தில் நிறம் அப்படியே இருக்கும். அங்கே கொஞ்சம் பாலிஷ் போட்டுவிட்டு பெயிண்ட் கடையின் ஸ்கேனரை வைத்தால் நிறம் கலந்து தருவார்கள். மங்கிய இடத்தில் வைத்தால் மங்கிய நிறம்தான் கிடைக்கும். மெஷின் சொன்னதை அப்படியே நம்பாமல், தகரத் துண்டில் அடித்து வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு மொத்தமாக வாங்குங்கள்.

ஒரே ஒரு மீட்டர் வாங்குங்கள், அல்லது இரவல் கேளுங்கள். பெயிண்ட் கனம் அளப்பது. இன்றைய கார்களில் கம்பெனி பெயிண்ட் 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். 300, 400 என்றால் மேலே அடித்திருக்கிறார்கள். ஆயிரத்தைத் தாண்டினால் பட்டி.

புளியரைக்காரன்

எல்லாரும் சொன்னதைச் செய்து பார்த்தேன். மீட்டர் தென்காசியில் பழைய கார் வாங்கி விற்கும் நண்பரிடம் கிடைத்தது.

கூரை 210, 230. வலது கதவுகள் இரண்டும் 300 பக்கம். பானட் 520. டிக்கி மூடி 600, கொப்புளத்துக்குப் பக்கத்தில் 900. இடது பின் கதவின் அடியில் 1,300 வரை ஏறி அதற்கு மேல் மீட்டர் எதுவும் காட்டவில்லை. காந்தமும் ஒட்டவில்லை. இடது ரன்னிங் போர்டில் முன் முனை மட்டும் அப்படி, மற்ற இடம் தகரமாகத்தான் இருக்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கினேன், கதவு இடைவெளி மாறவில்லை.

பின் சீட்டைக் கழற்றியதும் சாய்மானத்துக்குப் பின்னால் வெளிர் பச்சை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்த நிறத்தில்தான் கல்யாணத்துக்கு வந்து இறங்கினேன் என்றார். ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் அதிலும் பச்சை என்றுதான் இருக்கிறது. வெள்ளையை யாரும் பதியவே இல்லை. பச்சைக்குத் திரும்பினால் நிறம் பதியும் வேலையே கிடையாது.

கோவைக்காரரின் முழு உரிப்பு வேண்டாம் என்று தோன்றுகிறது. கூரையும் வலது கதவுகளும் நன்றாகத்தானே இருக்கின்றன?

பழைய டூகோ

நன்றாக இருக்கின்றன. அவற்றைத் தகரம் வரை உரிக்கக் காசு கொடுக்காதீர்கள். தேய்த்து, மேலே பழைய பெயிண்டையும் புதியதையும் பிரித்து வைக்கும் ஒரு ஐசோலேட்டர் ப்ரைமர் போட்டு அடித்தால் போதும். பானட், டிக்கி மூடி, இடது பின் கதவு, இடது ரன்னிங் போர்டு இந்த நாலை மட்டும் தகரம் வரை. புனலூர்க்காரரிடம் இந்த மீட்டர் கணக்கைக் காட்டிப் பேசுங்கள். அவர் சொன்ன விலை சரியான விலைதான். உரிக்க வேண்டியது நாலு பாகம் மட்டும் என்பதால் கொஞ்சம் குறைக்கவும் வாய்ப்பு உண்டு. குறைந்த காசைக் கதவின் உட்பக்கத்துக்கும் ரன்னிங் போர்டுக்குள் மெழுகு அடிக்கவும் செலவழியுங்கள்.

எழுதி வாங்க வேண்டியது இது. அழுகிய தகரத்தை வெட்டி 20 கேஜ் தகரம் வைத்து வெல்டிங், ஓட்டை மேல் பட்டி கூடாது. வெறும் தகரம் தெரிந்த அன்றே எபாக்ஸி ப்ரைமர். நம்ம ஈரத்தில் ஒரு ராத்திரி விட்டால் மறுநாள் காலையில் மஞ்சள் பூத்துவிடும். பட்டி எபாக்ஸியின் மேல்தான். பட்டியைத் தண்ணீர் ஊற்றித் தேய்க்கக் கூடாது, அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு பிறகு கொப்புளமாகக் காட்டும். பழைய பெயிண்டைத் தேய்க்கும்போது மட்டும் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கும், அந்தப் பொடி மூச்சில் போகக் கூடாது. வடிகால் ஓட்டைகள் திறந்திருக்க வேண்டும். வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டாங்கைக் கழற்ற வேண்டும்.

பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். வெல்டிங் முடிந்து தகரத்தை நீங்கள் கண்ணால் பார்த்த பிறகு ஒரு பங்கு. ப்ரைமர் நிலையில் ஒரு பங்கு. அந்த நிலையில் வண்டியை வெளிச்சத்தில் நிறுத்தி, பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். அலை தெரிந்தால் அங்கேயே சொல்லுங்கள். நிறம் அடித்த பிறகு சொல்லிப் பயன் இல்லை.

பி.யூ. ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருள் உண்டு. துணி கட்டிக்கொண்டு அடித்து மூச்சிரைப்பில் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடிக்கிற பையனுக்குக் காற்றுக் குழாய் வைத்த முகமூடி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்காக ஆயிரம், இரண்டாயிரம் கூடக் கேட்டால் மனசாரக் கொடுங்கள்.

அம்பாசிடர் பிரியன்

இந்தக் கணக்கு எனக்கும் சரியாகப் படுகிறது. நல்ல தகரத்தை விட்டுவிட்டுக் கெட்ட தகரத்தில் காசைப் போடுவது. என் வண்டிக்கும் அந்த மீட்டரை இரவல் வாங்கிப் பார்க்கிறேன்.

புளியரைக்காரன்

ஆசானிடம் பேசிவிட்டேன். 1,20,000, எழுதிக் கொடுக்கச் சம்மதித்தார். குரோமியம் தனி. ஜனவரி பொங்கல் முடிந்ததும் வண்டியை விடுகிறேன். சாலிட் பி.யூ., அந்த வெளிர் பச்சை. முகமூடி இருக்கிறது, பார்த்தேன்.

ஒன்று மட்டும் பாக்கி. இடது பின் கதவை வெட்டி ஒட்டுவதைவிட நல்ல பழைய கதவு கிடைத்தால் மேல் என்கிறார் ஆசான். மார்க் 2 கதவு யாரிடமாவது இருக்கிறதா? அடி விளிம்பு போகாமல் இருந்தால் போதும், நிறம் எதுவானாலும் பரவாயில்லை.

மார்த்தாண்டம் மகள்

களியக்காவிளை தாண்டி ஒரு பழைய இரும்புக் கடையில் இரண்டு அம்பாசிடர் பாடி கிடக்கிறது. எந்த மார்க் என்று பார்க்கவில்லை. சனிக்கிழமை அந்தப் பக்கம் போகிறேன், காந்தம் வைத்துப் பார்த்துவிட்டுப் படம் போடுகிறேன்.